வீட்டில் யாரும் இல்லை என்றது ஆமை

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கையில் மஞ்சள் பை, பைக்குள் முருங்கைக்கீரை. சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வந்ததும் தண்ணீர் கேட்பாள் என்று நான் சொம்பை எடுத்துவிட்டேன். அவள் உள்ளே வரவில்லை.

“சாமு, இன்னாடா இது?”

கூடத்தின் குறுக்கே கட்டியிருந்த துணிக்கொடியில் படங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. துணி மாட்டும் கிளிப்பைப் போட்டு லில்லிதான் மாட்டியிருந்தாள். எல்லாப் படத்திலும் ஆமை. கிழங்கு திருடும் ஆமை, யானையிடம் பல்லிளிக்கும் ஆமை, ஒன்றுமே தெரியாத மாதிரி வானத்தைப் பார்க்கும் ஆமை.

“வூடு பூரா ஆமைய வுட்டு வெச்சிக்கினு இருக்கீங்க?”

என் மனைவி லில்லி, கையில் பச்சைச் சாயத்தோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அது ஆப்பிரிக்கா ஆமை அத்தை.”

“எந்த ஊரு ஆமையா இருந்தா இன்னா? ஆமைன்னா ஆமைதான்.”

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு என் அம்மாவைத் தெரியும். விடியற்காலைப் பூசைக்கு மழை என்றாலும் போகிறவள். ஜெபமாலை சொல்லும்போது பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆனால் பல்லி, பூனை, ஆமை எல்லாம் அவளுக்குத் தனி இலாகா. அதில் ஃபாதருக்குக்கூட அதிகாரம் கிடையாது.

இதுவரை அவளை வைத்து நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். வாசகர்களும் சிரித்திருக்கிறீர்கள். இந்த வாரம் எழுதப் போவதை எழுதாமலேயே தாண்டிவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். முடியவில்லை.

கதை வந்த வழி

தாலுகா ஆபீஸில் உத்தியோகம் பார்க்கிறவன் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறான் என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பியவர்களும், “உனக்குக் கொழந்த இல்லன்றதுக்காகவா சார்?” என்று கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு அது ஒரு கேள்வி, அவ்வளவுதான். டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்க ஒன்றும் ஓடாது.

சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம். அதை நடத்துகிற அம்மா ஓர் ஆங்கிலக் கதையை அனுப்பி, படக்கதையாகத் தமிழில் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். தலைப்புக்குக் கீழே ‘ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதை’ என்று மட்டும் இருந்தது. எந்த நாடு, எந்த மக்கள், ஒன்றும் கிடையாது. நம் கதை ஒன்றை எடுத்து ‘ஆசியக் கதை’ என்று போட்டால் சும்மா இருப்போமா? எனக்குக் கோபம்தான். ஆனாலும் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

பஞ்ச காலம். கூட்டிப்போகிறவர் வீடு வீடாக வருகிறார். சாவு என்று எழுதினால் குழந்தைகள் பயப்படும் என்று நான் வைத்த பெயர் அது. வீட்டுக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். யானை வீட்டுக்கு வந்தார், மான் வீட்டுக்கு வந்தார். கடைசியில், ஊரையே ஏமாற்றி மரவள்ளிக் கிழங்கு தின்ற திருட்டு ஆமையிடம் வந்தார். ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் ஓட்டைத் தட்டினார்.

“வீட்டில் யார்?”

“வீட்டில் யாரும் இல்லை.”

“அப்படியானால் பேசுவது யார்?”

“வீடுதான் பேசுகிறது. ஆள் இல்லாத வீடு கொஞ்சம் பேசும்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதே கேள்வி, அதே பதில். கடைசியில், “ஆள் வரும்வரை இங்கேயே இருக்கிறேன்” என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஆமையால் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. எங்கே போனாலும் வீட்டையும் தூக்கிக்கொண்டே போகிறது. கதை அவ்வளவுதான்.

படம் வரைந்தது லில்லி. கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். தினம் காலையில் மலை பஸ் ஏறிப் போய், சாயந்திரம் சட்டையெல்லாம் கலர் ஒட்டிய பிள்ளைகளின் கதைகளோடு திரும்பி வருவாள். ஆப்பிரிக்கா எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“எனக்குத் தெரிஞ்ச மலை ஒண்ணுதான். அதையே வரையறேன்” என்றாள்.

அப்படித்தான் யானை பலா மரத்தடியில் நின்றது. மான் சாமைக் காட்டில் மேய்ந்தது. மரவள்ளிக் கிழங்குக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. சின்னசேலம் ரோட்டில் லாரி லாரியாகப் போகிற கிழங்கை ஒரு தரம் பார்த்தால் போதும். ஆமை ஓட்டுக்கு எங்கள் வீட்டு இரும்புக் கடாயைக் கவிழ்த்து வைத்துப் பார்த்து வரைந்தாள். ஒரு வாரம் எனக்குப் பொரியல் கிடையாது.

கூட்டிப்போகிறவரைத்தான் எப்படி வரைவது என்று ரொம்ப நாள் தெரியவில்லை. ஒரு நாள் சாயந்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வரைய உட்கார்ந்துவிட்டாள். கரியாலூர் பஸ் கண்டக்டர். தோளில் தோல் பை, காதில் பேனா, கழுத்தில் விசில், கொஞ்சம் தூக்கக் கலக்கமான முகம்.

“பயமுறுத்தக் கூடாதுங்க. தினமும் வந்துக்கினு இருக்கிற ஆளு மாதிரி இருக்கணும்” என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எந்தப் பதிப்பகத்தாருக்கும் அந்த யோசனை வராது.

அப்பா பிடித்த ஆமை

அம்மாவின் ஆமைப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் அவளுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை வழியாக ஓர் ஆமை உள்ளே வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அப்படி வந்தால் அதை அடிக்க மாட்டார்கள். ஓட்டில் மஞ்சள் வைத்து, அன்றைக்கே கொண்டு போய் ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிட வேண்டும். வந்த வழியே போ என்று மரியாதையாக அனுப்பி வைக்கிற மாதிரி. எங்கள் தெருவில் சர்ச்சுக்குப் போகிறவர்கள், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் என்ற வித்தியாசமெல்லாம் ஆமை விஷயத்தில் கிடையாது.

அப்பா சிரித்தார். “பையன் ரெண்டு நாளு பாத்துட்டுப் போவட்டும்” என்று கோழிக்கூடையைப் போட்டு அதை மூடி வைத்தார். நான் கூடைச் சந்து வழியாக அதற்குக் கத்திரிக்காய் போட்டேன். இரண்டு நாள் நான்கு நாள் ஆயிற்று. அப்புறம் அது எப்படியோ கூடையைத் தூக்கிக்கொண்டு காணாமல் போய்விட்டது.

அந்த மழை நிற்பதற்குள் அப்பா போய்விட்டார். ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைப் போட்டார். மின்சாரத்துக்கு ஆமையைத் தெரியாது. ஆனால் இருபத்தைந்து வயதில் கைக்குழந்தையாக இருந்த என் தங்கையோடும் என்னோடும் தனியாக நின்ற பெண்ணிடம் அதைச் சொல்ல நான் யார்? “அன்னிக்கே வுட்டிருந்தா” என்பதை அம்மா சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஏதாவது பேச்சில் ஏரி, மழை என்று வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

தலை வாசலைப் பார்த்து

அன்றைக்கு அம்மா முருங்கைக்கீரையோடு வந்ததே, லில்லி முழுகாமல் இருந்ததால்தான். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாங்கள் நம்பிக்கையை விட்டு, அந்தப் பேச்சையும் விட்டு, இரண்டு பேரும் ஒரு கதையும் படமுமாகப் பொழுதை ஓட்டப் பழகிக்கொண்டிருந்த நேரம்.

அம்மா கூடவே இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஆனால் ஆமை இருக்கிற வீட்டில் இருக்க மாட்டாள். லில்லியும் படங்களை எடுக்க மாட்டாள், காயாத சாயம் ஒட்டிக்கொள்ளும். வாசலில் அரை மணி நேரம் பேச்சுவார்த்தை. கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள்.

“சரி. எல்லாத்தயும் தல வாசலப் பாத்தாப்ல மாட்டு. வூட்ட வுட்டு வெளிய போற மாதிரி இருக்கட்டும்.”

லில்லி சிரித்துக்கொண்டே ஒவ்வொரு தாளாகக் கழற்றித் திருப்பி மாட்டினாள். இடது பக்கம் பார்த்து வரைந்த ஆமைகளைக் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று மாட்ட வேண்டியிருந்தது. எல்லா ஆமையும் வரிசையாகத் தெருக்கதவைப் பார்த்து நடந்தன.

“போதுமா அத்தை? எல்லாம் வெளிய போய்க்கினே இருக்குது.”

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எங்கள் வீட்டில் நல்ல மாதங்கள். லில்லி லீவு போட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து வரைவாள். அம்மா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, “அந்த யானைக்குக் காது ஜாஸ்தி, வாலு கம்மி” என்று குறை சொல்வாள். ஆமையை மட்டும் பார்க்காத மாதிரி பார்ப்பாள். குழந்தைக்கு என்ன பெயர் என்று நான் கேட்டபோதெல்லாம் லில்லி, “வெளிய வரட்டும், மொகத்தப் பாத்துட்டு வெக்கலாம்” என்று வாயை அடைத்துவிடுவாள்.

கதையில் ஒரே ஒரு படம்தான் பாக்கி. கடைசிப் படம்.

நனைந்த சேலை

எட்டாம் மாதம் ஒரு காலையில், உள்ளே அசைவே இல்லை என்றாள் லில்லி. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே எல்லோரும் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் விடியற்காலையில் பிறந்தது. பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவில்லை.

சர்ச்சுக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு குழி வெட்டினார்கள். ஃபாதர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டு, “பேரு?” என்று மெதுவாகக் கேட்டார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவர் புரிந்துகொண்டு, “இந்தக் குழந்தை” என்று சொல்லியே ஜெபத்தை முடித்தார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது லில்லிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எங்கள் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் ரத்தம் கொடுத்தார்கள். டாக்டரம்மா, “சாயந்திரம் வரைக்கும் பார்க்கணும்” என்றார். பார்த்துக்கொள்ள அம்மாவை விட்டுப் போயிருந்தேன். வராந்தாவில் அவளைக் காணோம்.

மத்தியானம் வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. பத்து விரலும் மஞ்சள்.

“எங்கம்மா போன?”

“வுட்டுட்டு வந்தேன்.”

“எத?”

“ஆமைங்கள.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து சேலையைப் பிழிந்தாள். வீட்டுக்குப் போய் கொடியிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறாள். ஒவ்வோர் ஆமைக்கும் ஓட்டில் மஞ்சள் வைத்திருக்கிறாள். கீரை கொண்டு வந்த அதே மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு, கோமுகி ஆற்றுப் பாலத்துக்கு ஆட்டோவில் போய், தண்ணீரில் இறங்கி விட்டிருக்கிறாள்.

“மொத்தமா எறியலடா. ஒண்ணொண்ணாத்தான் வுட்டேன். ரெண்டு மூணு திரும்பிக் கரைக்கே வந்துச்சு. கையால தள்ளி வுட்டேன், போயிடுச்சி.”

மாதக்கணக்கில் லில்லி வரைந்த படங்கள் அவை. வேறு பிரதி கிடையாது. நான் சுவரைப் பார்த்தேன்.

“கோவப்படாத சாமு. கொழந்த போச்சு. அவளாவது இருக்கட்டும். உங்கப்பனுக்குத்தான் நான் வுடாம இருந்துட்டேன்.”

கோபம் வரவில்லை. அந்த நேரத்தில் லில்லி பிழைப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால், நான் எழுதிய கதைகளையெல்லாம் நானே கொண்டு போய் அதே ஆற்றில் விட்டிருப்பேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

சாயந்திரம் ரத்தப்போக்கு நின்றது. மருந்தாலும், அந்த இரண்டு பேர் கொடுத்த ரத்தத்தாலும் நின்றது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தது வேறு. இன்று வரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம்

வீட்டுக்கு வந்ததும் லில்லி கூடத்தில் நின்று கொடியைப் பார்த்தாள். வெறும் கிளிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா நேராக அவள் முன்னால் போய் நின்று, செய்ததைச் சொன்னாள். சத்தம் போடுவாள், அழுவாள், எப்படியாவது அது வெளியே வந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

“நல்லது பண்ணீங்க அத்தை” என்றாள் லில்லி. “நான்தான வூட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சேன்.”

காலேஜ் படித்தவள். எங்கள் வீட்டில் பல்லி விழுந்த பலனை எடுத்து வாசித்து அம்மாவைக் கிண்டல் செய்கிறவள். அவள் வாயிலிருந்து அது வந்தபோது, கல்லறைத் தோட்டத்தில்கூட அழாத நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். அம்மா தினமும் கடைத்தெருவுக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வந்தாள். பூக்காரம்மா, “இன்னா விசேஷம்?” என்று கேட்டாளாம். அம்மா பூவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த நாட்களில் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி மணத்தது. இன்றைக்கும் பஸ்ஸில் முன் சீட்டில் யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நான் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவேன்.

அம்மா கட்டுப் போட உள்ளே போவாள், சாப்பாட்டுத் தட்டோடு போவாள், அதே தட்டோடு வருவாள். நான் போனால் லில்லி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் காலையில் காபியோடு போய்க் கதவைத் தட்டினேன்.

“லில்லி.”

“வூட்ல யாரும் இல்ல.”

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. விளையாடுகிறாள், பழைய லில்லி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். விளையாட்டைத் தொடர்வதாக எண்ணிக்கொண்டு, “அப்போ பேசறது யாரு?” என்று கேட்டேன்.

கதையில் ஆமைக்கு அதற்கு ஒரு பதில் இருந்தது. அவளிடம் இல்லை. நான் காபி ஆறும்வரை நின்றுவிட்டு, கதவை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆபீஸ் விட்டு வந்ததும் அங்கேயே உட்காருவது பழக்கமாகிவிட்டது. பேப்பரை அங்கேதான் படிப்பேன், பட்டாணி அங்கேதான் உரிப்பேன். ஒரு நாள் அம்மா கூடத்தைப் பெருக்க வந்தவள், “வாசல்ல வந்து குந்திக்கினவரு மாதிரியே இருக்கியேடா” என்றாள். அவள் என் கதையைக் கேட்டிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

முயலாக்கிவிடலாமா?

பதிப்பகத்து அம்மா போன் செய்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. படங்கள் எப்போது வரும் என்று விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டார். அட்டையில் ஆமை இருந்தால் யாரும் வீட்டுக்கு வாங்கிப் போக மாட்டார்கள் என்று புத்தகக் கடைக்காரர்களே சொல்கிறார்களாம். ஆமையை முயலாக்கிவிடலாமா? முயல் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும்.

வேறு நாளாக இருந்தால் ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சாத்திய கதவிடம் வந்து, வேறு பேச எதுவும் இல்லாததால் அதைச் சொன்னேன். படங்கள் போனதைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது முயல் வரைந்துகொள்ளட்டும் என்றும் சொன்னேன்.

உள்ளே கட்டில் முனகியது.

“முயலா?”

நான் கதவில் காதை வைத்தேன்.

“முயலு எதுக்குங்க உள்ள உக்காந்துக்கினு பொய் சொல்லணும்? அவரு வர்றது தெரிஞ்சா ஒரே ஓட்டமா ஓடிடும்.”

“ஆமா.”

“ஆமை ஏன் ஓடல?”

“அதால ஓட முடியாதே.”

“மெதுவா நடந்தாவது போயிருக்கலாம் இல்ல? அவரு யானை வூட்ல இருந்தப்பவே கெளம்பியிருக்கலாம். அதுக்கு டைம் இருந்துச்சி.” கட்டில் மறுபடி முனகியது. “தன் ஒருத்திக்காக மட்டும்னா அது எப்பவோ வெளிய வந்திருக்கும்.”

படக்கதையில் நான் ஆமையை ‘அவன்’ என்றே எழுதியிருந்தேன். அவள் ‘ஒருத்தி’ என்றதை அப்போது கவனித்தேன். திருத்தவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. லில்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. “பேப்பர் இருக்குதாங்க?” என்று கேட்டாள்.

எல்லாப் படத்தையும் முதலிலிருந்து வரைந்தாள். அதே பலா மரம், அதே சாமைக் காடு, அதே கடாய். கண்டக்டரையும் அதே முகத்தோடு வரைந்தாள். அவர் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். “பாவம், அவரு வேலைய அவரு செய்யறாரு” என்றாள். சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆமைகளை, யாரும் சொல்லாமலே, தலை வாசலைப் பார்த்து மாட்டினாள். அம்மா கூடத்துப் பக்கமே வராமல் அடுப்படியிலேயே இருந்தாள். போய்விடுகிறேன் என்றும் சொல்லவில்லை, எடுத்துவிடு என்றும் சொல்லவில்லை.

கடைசிப் படத்தை எங்கள் இரண்டு பேரிடமும் காட்டாமல் வரைந்தாள். முடிந்ததும் தரையில் காயப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். நான் பார்த்தேன்.

வாசலில் கூட்டிப்போகிறவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆமையின் ஓட்டைப் பலாப்பழத்தைப் பிளந்த மாதிரி பாதியாகத் திறந்து காட்டியிருந்தாள். உள்ளே ஒரு வீடு. அடுப்பு, பானை, ஆணியில் ஒரு மஞ்சள் பை, கொடியில் கொஞ்சம் மல்லிகைச் சரம். நடுவில் பழைய சேலையில் கட்டிய ஒரு தூளி. தூளிக்கு வெளியே ஒரே ஒரு சின்னக் கால் மட்டும் தொங்கியது. ஆமை அதன் பக்கத்தில், சத்தம் போடாதே என்பது போல வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அம்மா எப்போது வந்து என் பின்னால் நின்றாள் என்று தெரியாது. குனிந்து தரையில் உட்கார்ந்தாள். சாயம் காயவில்லை என்பதால் தொடாமல், தூளிக்கு நேராக விரலைக் கொண்டு போனாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு லில்லி வந்தாள்.

“தூங்குதா?” என்று கேட்டாள் அம்மா.

“தூங்குது அத்தை.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கொடியில் கடைசியாக இருந்த கிளிப்பைக் கழற்றி லில்லியிடம் நீட்டினாள்.

“இத மட்டும் உள்ள பாத்தாப்ல மாட்டு.”

கரியாலூரில்

புத்தகம் வந்தது. அட்டையில் ஆமைதான். சுமாராக விற்கிறது என்று பதிப்பகத்து அம்மா வருத்தத்தோடு சொன்னார்.

லில்லி மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். பிள்ளைகளுக்குக் கதையை நீங்களே வந்து வாசியுங்கள் என்றாள். லீவு போட்டுவிட்டு அவளோடு மலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் காற்று மாறியது. கண்டக்டர் வந்து, “டீச்சர், சார் யாரு, வூட்டுக்காரரா?” என்று சிரித்தபடி டிக்கெட் கிழித்தார். காதில் பேனா. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வகுப்பில் பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அப்பா அம்மா வேலைக்கு எங்கேயோ போயிருக்கிறார்கள், அறுப்பு முடிந்துதான் வருவார்கள் என்று லில்லி சொல்லியிருந்தாள். அவள் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள். படத்தைக் காட்டிக் காட்டி வாசித்தேன். கூட்டிப்போகிறவர் வந்ததும், “ஐ, நம்ம கண்டக்டரு!” என்று ஒரே கூச்சல். அவர் ஓட்டைத் தட்டும் இடம் வந்ததும், “வீட்டில் யார்?” என்று நான் கேட்டபோது வகுப்பே சேர்ந்து கத்தியது.

“யாரும் இல்ல!”

பின்னால் லில்லியின் உதடும் அசைந்ததைப் பார்த்தேன்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். முன் வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்து வந்து, மூக்கு புத்தகத்தில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தாள்.

“சார்! உள்ள பாப்பா தூங்கிக்கினு இருக்குது!”

எங்கே எங்கே என்று எல்லோரும் எழுந்து ஓடி வந்தார்கள். என்னைச் சுற்றிலும் எண்ணெய்த் தலைகள். அந்தச் சத்தத்தில் இன்னொரு பெண், வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தவரைக் காட்டினாள்.

“ஏ, கத்தாதீங்க. அவுரு இன்னும் போவல பாரு.”

சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். இரட்டைச் சடைப் பெண் தன் உள்ளங்கையை விரித்துத் தூளியின் மேல் வைத்து மறைத்தாள். நான் புத்தகத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

லில்லி பிள்ளைகளுக்கு நடுவே கால் வைத்து வந்து, அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “டீச்சர், பாப்பா பேரு இன்னா?”

லில்லி படத்தைப் பார்த்தாள். வாசலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் காதோடு வாயை வைத்து, கையால் மறைத்துக்கொண்டு, ஒரு பெயரைச் சொன்னாள். ஓர் அடி தூரத்தில் இருந்த எனக்குக் கேட்கவில்லை.

அந்தப் பெண் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டாள்.